ரெண்டு மெல்லிசு ஃபைபர் ஒட்டுற விசையை அளக்கறப்ப நம்பர் கோளாறா வருதா? எங்கெங்க பாக்கணும்னு ஒரு லிஸ்ட்

எலக்ட்ரோஸ்பின் பண்ணின, அதாவது பாலிமர் கரைசலை ஹை வோல்டேஜ்ல இழுத்து நூலாக்கின ஃபைபர் ரெண்டை குறுக்கும் நெடுக்குமா வெச்சு, லேசா தொட விட்டு, இழுத்துப் பிரிக்கறப்ப எவ்ளோ விசை ஆகுதுன்னு பாக்கணும், வேலை இவ்ளோதான். சொல்லும்போது ஒரு வரி, செய்யும்போது ஒரு வருஷம். நான் ஆரம்பிச்ச புதுசுல முதல் ரெண்டு மாசம் எடுத்த டேட்டால ஒட்டுவிசைன்னு சொல்லக்கூடியது ஒண்ணுகூட இல்ல, ஒண்ணு சார்ஜ், இல்லனா ஈரம், இல்லனா பசை, இதெல்லாம் இல்லனா ஃபைபரே ஸ்பிரிங் மாதிரி வளைஞ்சு கொடுத்த விளையாட்டு. அப்புறம்தான் புரிஞ்சுது, நம்பரைப் பாக்கறதுக்கு முன்னாடி கர்வோட, அதாவது ஃபைபர் கிட்ட வர்றப்பவும் விலகறப்பவும் தூரத்தோட விசை எப்படி மாறுதுன்னு வரையற கோட்டோட, உருவத்தைப் பாக்கணும். அதனால கீழ எல்லாமே "கர்வ் இப்படி இருந்தா இதைப் பாருங்க"ங்கற மாதிரிதான் எழுதியிருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஒரு கணக்கு கையில இருக்கணும், இல்லனா வர்ற நம்பர் சரியா தப்பான்னே தெரியாது. ஒரே தடிமன் உள்ள ரெண்டு ஃபைபர் செங்கோணத்துல குறுக்க தொட்டா, அதே ரேடியஸ் உள்ள ஒரு உருண்டை தட்டையான பரப்புல உக்காந்திருக்கற மாதிரி எடுத்துக்கலாம். 1971-ல ஜான்சன், கெண்டல், ராபர்ட்ஸ் மூணு பேரும் கொடுத்த ஜேகேஆர் கணக்குப்படி பிரிக்க வேண்டிய விசை ஒன்றரை பெருக்கல் பை பெருக்கல் ஒட்டு ஆற்றல் பெருக்கல் ரேடியஸ். பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்) மாதிரி ஒரு பாலிமருக்கு சர்ஃபேஸ் எனர்ஜி சதுர மீட்டருக்கு 40 மில்லிஜூல் பக்கம் இருக்கும், ரெண்டு பக்கமும் அதே பாலிமர்ங்கறதால ஒட்டு ஆற்றல் அதுல டபுள், 80. ஃபைபர் விட்டம் 1 மைக்ரான்னு வெச்சா ரேடியஸ் அரை மைக்ரான், எல்லாத்தையும் பெருக்கினா சுமார் 190 நானோநியூட்டன் வரும். 1975-ல வந்த டிஎம்டிங்கற இன்னொரு கணக்குல ஒன்றரைக்கு பதிலா ரெண்டு, அதுல 250. ஆக உங்க ஃபைபருக்கு நூத்துக்கணக்குல நானோநியூட்டன் வரணும். 5 வந்தாலோ 5,000 வந்தாலோ ஏதோ வேற ஒண்ணை அளந்துட்டு இருக்கீங்க.

பின்னாடி இழுத்துட்டே போறேன், ஃபைபர் விடவே மாட்டேங்குது

இதுலதான் நிறைய பேர் மாட்டறாங்க, ஏஎஃப்எம் (கான்டிலீவர்ங்கற மெல்லிசுப் பலகை எவ்ளோ வளையுதுன்னு பாத்து விசையை அளக்கற அணு விசை மைக்ராஸ்கோப்) வெச்சு பண்றவங்க குறிப்பா. மேல் ஃபைபரை கான்டிலீவர்ல ஒட்டி, கீழ் ஃபைபரைத் தொங்கவிட்டு வெப்போம். ஸ்டேஜ் முழு தூரமும் பின்னாடி வந்தாச்சு, ரெண்டும் இன்னும் ஒட்டிட்டே இருக்கு, உடனே "ஆஹா செம ஒட்டல்"னு நினைச்சுக்கறது. அப்படி இல்லங்க. தொங்கவிட்ட ஃபைபர் ஒரு ஸ்பிரிங், அதுவும் ரொம்ப ரொம்ப சாஃப்ட்டான ஸ்பிரிங்.

கணக்கு போட்டுப் பாருங்க. 1 மைக்ரான் பிசிஎல் ஃபைபர், யங்ஸ் மாடுலஸ் (எவ்ளோ விறைப்புங்கற அளவு) 0.3 ஜிகாபாஸ்கல், ரெண்டு முனையும் ஒட்டியிருக்கு, நடுவுல 1 மில்லிமீட்டர் இடைவெளி. வெறும் வளைவுக் கணக்குல, அதாவது ரெண்டு பக்கமும் பிடிச்ச பீம் மாதிரி பாத்தா, ஸ்டிஃப்னஸ் மீட்டருக்கு 3 மைக்ரோநியூட்டன்கூட வராது. அவ்ளோ சாஃப்ட்டுனா 190 நானோநியூட்டனுக்கு அது சென்டிமீட்டர் கணக்குல வளையணும், நிஜத்துல அப்படி வளையாது, ஏன்னா கொஞ்சம் வளைஞ்சதுமே கம்பி மாதிரி நீள ஆரம்பிச்சு டென்ஷன் ஏறிடும். டென்ஷன் சேத்து போட்டா, விசை வந்து 8 பெருக்கல் மாடுலஸ் பெருக்கல் குறுக்குவெட்டுப் பரப்பு பெருக்கல் வளைவு-நீள விகிதத்தோட க்யூப். அதை வெச்சுப் பாத்தா 190 நானோநியூட்டனுக்கு நடுப்புள்ளி இடைவெளில 4.6 சதவீதம் நகரும், அதாவது 1 மில்லிமீட்டருக்கு 46 மைக்ரான். நிறைய ஏஎஃப்எம்ல மேல கீழ போற தூரமே 15 மைக்ரான் பக்கம்தான். எப்படிப் பிரியும்? பிரியவே பிரியாது, ஃபைபர் ஒய்யாரமா கூடவே வந்துட்டே இருக்கும்.

தீர்வு ரெண்டு. இடைவெளியை 100 மைக்ரானா குறைங்க, அதே 4.6 சதவீதம் இப்ப 4.6 மைக்ரான்தான், ஸ்டேஜுக்குள்ள அடங்கிடும். 200 மெஷ் டெம் கிரிட் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு சாம்பிள் வெக்கற குட்டி வலை) இதுக்கு ரொம்ப சௌகரியம், ஓட்டை 100 மைக்ரானுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்கும், ஃபைபரை நேரா அது மேலயே கலெக்ட் பண்ணிடலாம், தனியா எடுத்து ஒட்டற தலைவலி இல்ல. இல்லனா நானோ டென்சைல் டெஸ்டர் (மெல்லிசு நூலை இழுத்து விசை பாக்கற கருவி) பக்கம் போங்க, அதுல தூரத்துக்குப் பஞ்சமில்ல, ஆனா விசையோட நாய்ஸ் பல பத்து நானோநியூட்டன்ல நிக்கும், அதனால அரை மைக்ரான் ஃபைபரை அதுல வெச்சு அளக்கறேன்னு கிளம்பாதீங்க, சிக்னல் எது நாய்ஸ் எதுன்னு நீங்களே கண்ணை மூடிட்டு முடிவு பண்ற மாதிரி ஆயிடும்.

இதே இடத்துல இன்னொரு தப்பும் நடக்கும். கர்வுக்குக் கீழ உள்ள ஏரியாவை இன்டெக்ரேட் பண்ணிட்டு "இதுதான் ஒட்டுற வேலை"ன்னு எழுதறது. மேல சொன்ன அதே 1 மில்லிமீட்டர் ஃபைபருக்கு அந்த ஏரியா 2 பிகோஜூலுக்குக் கொஞ்சம் மேல வரும். ஆனா ஜேகேஆர் சொல்ற காண்டாக்ட் வட்டம் இதுக்கு 230 நானோமீட்டர் அகலம்தான், அதை ஒட்டு ஆற்றலோட பெருக்கினா வர்றது அதுல 600-ல ஒரு பங்கு. மீதி எல்லாம் ஃபைபரை இழுத்ததுக்கு ஆன ஆற்றல், ஒட்டலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. உச்ச விசை மட்டும் நம்பலாம், ஏன்னா ஸ்பிரிங் எவ்ளோ சாஃப்ட்டா இருந்தாலும் ஜேகேஆர்ல உச்சம் மாறாது, அது வர்ற தூரம்தான் மாறும். ஏரியாவை மறந்துடுங்க.

தொடறதுக்கு முன்னாடியே ரெண்டும் இழுத்துக்குது

மைக்ராஸ்கோப்ல பாத்துட்டே கீழ இறக்கறீங்க, இன்னும் இருபது முப்பது மைக்ரான் இருக்கு, கீழ இருக்கற ஃபைபர் தலைமுடி சீப்பைப் பாத்த மாதிரி எழும்பி மேல வருது, ஒரு தடவை ஆடிட்டு டக்குனு ஒட்டிக்குது. முதல் தடவை பாக்கறப்ப அழகாத்தான் இருக்கும். ஆனா அது வான் டெர் வால்ஸ் (மூலக்கூறுங்க ரொம்பக் கிட்ட வந்தா வர்ற இழுப்பு) இல்ல, அதோட கை பத்து இருபது நானோமீட்டருக்கு மேல நீளாது. மைக்ரான் கணக்குல இழுத்தா அது சார்ஜ், வேற பேச்சே இல்ல.

ஸ்பின்னிங்ல 10, 20 கிலோவோல்ட் கொடுத்து இழுத்த நூல், அந்த சார்ஜ்ல ஒரு பங்கு உள்ளயே மாட்டிக்கும். எவ்ளோ நாள் நிக்கும்ங்கறது பாலிமரைப் பொறுத்தது. ஈரத்தை இழுக்கற நைலான், பிவிஏ மாதிரி ஆளுங்க சீக்கிரம் விட்டுடும், பாலிப்ரோப்பிலீன், டெஃப்லான், பிவிடிஎஃப் வகையெல்லாம் விடவே விடாது, மாஸ்க்குக்குள்ள இருக்கற மெல்ட்-ப்ளோன் லேயர்ல வேணும்னே சார்ஜ் ஏத்தி வெக்கறதே அது மாசக்கணக்குல நிக்கும்ங்கற தைரியத்துலதான்.

என்ன பண்ணலாம்னா, முதல்ல அயனைசர், காத்துல அயனி விட்டு சார்ஜைத் தணிக்கற கருவி. பக்கத்துல வெச்சு சில நிமிஷம் ஓட விட்டு, அயனைசரை ஆஃப் பண்ணிட்டு கர்வ் எடுங்க, ஓடிட்டே இருந்தா காத்து பட்டு ஃபைபர் ஆடும். அதே வேலைக்கு பொலோனியம்-210 கதிரியக்கப் பட்டை வெச்சிருக்கவங்க அதோட தேதியைப் பாருங்க, அரை ஆயுள் 138 நாள், ஒரு வருஷம் ஆனதுன்னா ஆறுல ஒரு பங்குதான் மிச்சம், பாக்க புதுசு மாதிரியே இருக்கும் ஆனா வேலை செய்யாது. ஃபில்டர் டெஸ்ட் பண்றவங்க ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஆவில 24 மணி நேரம் வெச்சு சார்ஜை அழிப்பாங்க, ஐஎஸ்ஓ 16890-லயே அது இருக்கு, ஆனா ஒட்டல் அளக்கற நமக்கு அது கடைசி வழிதான், சார்ஜோட சேந்து பரப்பும் மாறிடுச்சான்னு அப்புறம் தனியா நிரூபிக்க வேண்டி வரும்.

சார்ஜ் போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? கிட்ட வர்ற கர்வ்ல கோடு தட்டையா இருக்கணும், கடைசி சில பத்து நானோமீட்டர்லதான் குதிக்கணும். சாய்வா வளைஞ்சுட்டே வந்தா இன்னும் இருக்குன்னு அர்த்தம். உச்ச விசைலேர்ந்து இந்த நீள இழுப்பைக் கழிச்சுட்டா போதும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, தொட்டப்புறம் சார்ஜ் இடம் மாறிடும், கழிக்கற நம்பர் தொடறதுக்கு முன்னாடி இருந்த நம்பர்.

காலைல ஒரு நம்பர், சாயங்காலம் ஒரு நம்பர்

ஹ்யூமிடிட்டி. ரூம் ஏசி ஓடுது, டிஸ்ப்ளேல 45 சதவீதம் காட்டுதுன்னு சும்மா இருக்காதீங்க, சென்சார் சுவத்துல இருக்கு, உங்க ஃபைபர் சூடான ஸ்டேஜ் மேல இருக்கு.

தொடற இடத்துல தண்ணி ஒரு சின்ன கழுத்து மாதிரி சேந்துடும். முழுசா நனையற பரப்புன்னா அந்தத் தண்ணி மட்டுமே இழுக்கற விசை நாலு பை பெருக்கல் ரேடியஸ் பெருக்கல் தண்ணியோட சர்ஃபேஸ் டென்ஷன், அதாவது நம்ம அரை மைக்ரான் ரேடியஸுக்கு 450 நானோநியூட்டன். நிஜ ஒட்டலை விட ரெண்டு மடங்குக்கு மேல! பிசிஎல் அந்த அளவுக்கு நனையாது, காண்டாக்ட் ஆங்கிள் 75 டிகிரின்னு வெச்சா 120 பக்கம் வரும், அதுவும் கம்மி இல்ல.

டெஸ்ட் ஈஸி. மூடின சேம்பர்ல உலர் நைட்ரஜனை மெதுவா விட்டு ஹ்யூமிடிட்டியை 10 சதவீதத்துக்குக் கீழ கொண்டு வந்து ஒரு மணி நேரம் விட்டுட்டு அளங்க, அப்புறம் ஏத்தி அளங்க. ஏத்தறதுக்கு உப்புக் கரைசல் போதும், நல்லா தெவிட்டின லித்தியம் குளோரைடு 11 சதவீதத்துல நிறுத்தும், மெக்னீசியம் குளோரைடு 33, சாதா உப்பு 75. 11-க்கும் 33-க்கும் வித்தியாசம் இல்லாம 75-ல மட்டும் எகிறினா தண்ணிக் கழுத்துதான். 11-லேர்ந்தே படிப்படியா ஏறினா பாலிமரே தண்ணி குடிச்சு சாஃப்ட் ஆகுது, நைலான் 6, பிவிபி எல்லாம் இந்த ரகம், அதுல "உலர்ந்த ஒட்டல்"னு ஒரு நம்பர் சொல்லணும்னா உலர்ந்த காத்துல மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒரு வம்பு என்னன்னா, காத்தை உலர்த்த உலர்த்த சார்ஜ் தொல்லை கூடும். ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும்.

ஒரே இடத்துல திரும்பத் திரும்ப தொட்டா விசை ஏறிட்டே போகுது

முதல்ல எவ்ளோ நேரம் தொட விடறீங்கன்னு பாருங்க. பிசிஎல்லோட கண்ணாடி நிலை வெப்பம் (அதுக்குக் கீழ போனா பாலிமர் கண்ணாடி மாதிரி இறுகிடும்) மைனஸ் 60 டிகிரி, அதாவது ரூம்ல அது ரப்பர் நிலைக்கு நெருங்கின ஆளு, படிகப் பகுதிங்கதான் உருவத்தைத் தாங்கிட்டு இருக்கு. ரெண்டு நிமிஷம் தொட விட்டா காண்டாக்ட் பரப்பு க்ரீப் ஆகி, அதாவது மெதுவா நசுங்கிப் பரவி, பெருசாகும், மேல்மட்டச் சங்கிலிங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையும். பாலிஸ்டைரீனுக்கு அந்த வெப்பம் 100 டிகிரி, அது கல்லு மாதிரி நிக்கும், நேரத்தால பெருசா மாறாது. அதனால பாலிஸ்டைரீன்லயும் ஏறுதுன்னா நேரத்தைக் குறை சொல்லாதீங்க, கரைப்பான் மிச்சம் இருக்கான்னு பாருங்க. டைமெத்தில்ஃபார்மமைடு 153 டிகிரில கொதிக்கறது, ரூம்ல ஒரு ராத்திரி வெச்சா போயிடும்னு நினைக்கறது ஆசைதான், வேக்கம் அவன்ல போடணும். குளோரோஃபார்ம் 61-லயே போயிடும், அதுல இந்தப் பிரச்சனை கம்மி.

தொடற நேரத்தை 0, 1, 10, 100 செகண்டுன்னு மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் புது இடத்துல எடுங்க. நேரத்தோட மட்டும் ஏறினா க்ரீப். நேரம் ஒண்ணாவே இருந்து தடவைக் கணக்கோட ஏறினா, ஒண்ணு அந்த இடம் அமுங்கி தட்டையாகுது, அப்படின்னா அமுக்கற விசையைக் குறைங்க, இல்லனா தொட்டுத் தொட்டு சார்ஜ் ஏறுது, அது கிட்ட வர்ற கர்வ்லயே தெரிஞ்சுடும். இழுக்கற வேகமும் முக்கியம், வேகமா இழுத்தா விசை கூடுதலா வரும், அதனால வேகம் எழுதாத நம்பரை நான் எடுத்துக்கறதே இல்ல.

முதல் தடவை பெருசா வந்துச்சு, அப்புறம் இறங்கிடுச்சு

ஏதோ ஒண்ணு பிஞ்சு போச்சு இல்லனா இடம் மாறிப்போச்சு. மேல் ஃபைபர் வழுக்கி வேற இடத்துல தொடுதான்னு வீடியோல பாருங்க. அழுக்கு, கரைப்பான் படலம், ஆளில்லாத நேரத்துல ஃபைபர் மேல வந்து உக்காந்த தூசு, எல்லாமே முதல் காண்டாக்ட்ல போயிடும். முதல் கர்வை தூக்கி எறியறது எல்லாரும் பண்றதுதான், ஆனா எறிஞ்சேன்னு எழுதிட்டு எறிங்க.

கர்வ் கீழ இறங்கறப்ப படிக்கட்டு மாதிரி ரெண்டு மூணு படி

ஒரே காண்டாக்ட்னா ஒரே குதிப்பு. படி இருந்தா ஒண்ணுக்கு மேல இடத்துல தொட்டிருக்கு. ரெண்டு ஃபைபர் பின்னிக்கிட்டு ஒண்ணு மாதிரி தெரியும், ஆப்டிகல் மைக்ராஸ்கோப்ல கண்டுபிடிக்க முடியாது, 0.9 அபெர்ச்சர் லென்ஸே போட்டாலும் பச்சை வெளிச்சத்துல 370 நானோமீட்டருக்குக் கீழ ரெண்டு புள்ளியைப் பிரிச்சுக் காட்டாது. பீடு (நூல் நடுவுல மணி மாதிரி திரண்ட உருண்டை) இருக்கற ஃபைபர்னா பீடு மேல தொட்டிருக்கலாம், அங்க ரேடியஸ் பல மடங்கு, விசையும் அதே மடங்கு, கரைசலோட செறிவை ஏத்தி பீடு இல்லாம ஸ்பின் பண்ணுங்க.

ஆனா நான் அதிகமாப் பாத்த காரணம் வேற, கான்டிலீவரோட ஓரமே கீழ ஃபைபரைத் தொட்டுடும். டிப்லெஸ், அதாவது ஊசி முனை இல்லாத, கான்டிலீவர்ல ஒட்டின ஃபைபர் 1 மைக்ரான்தான் வெளிய துருத்திட்டு இருக்கும், கீழ ஃபைபர் வளைஞ்சு கொடுத்தா சிலிக்கான் ஓரம் இடிக்காம எப்படி இருக்கும்? ஃபைபரை முனைக்கு வெளிய நீட்டி ஒட்டினா பிரச்சனை தீராது, இன்னொரு ஸ்பிரிங் சேரும். நாங்க கடைசில பண்ணினது, ஃபைபர் ஒட்டாத வெறும் கான்டிலீவரால கீழ ஃபைபரைத் தொட்டு ஒரு செட் கர்வ் எடுத்து வெச்சுக்கிட்டோம். அந்தப் படி எங்க வருதுன்னு தெரிஞ்சதும் எந்தப் படி யாரோடதுன்னு சொல்ல முடிஞ்சுது. இந்த வெறும் கான்டிலீவர் டெஸ்ட்டை எல்லா செட்டுக்கும் பண்ணுங்க, பத்து நிமிஷ வேலை.

எல்லாம் சுத்தமா இருக்கு, விசை மட்டும் ஆயிரக்கணக்குல வருது

பசை. வேற எதையும் யோசிக்கறதுக்கு முன்னாடி பசையைப் பாருங்க.

எனக்கு நடந்தது சொல்றேன். கான்டிலீவர்ல ஒரு சொட்டு யூவி பசை வெச்சு அது மேல ஃபைபரை இறக்கினேன், ஃபோகஸ் சரி பண்ண ஒரு பத்து செகண்டு ஆச்சு, அதுக்குள்ள ஃபைபர் ஓரமா மெலிசா ஒரு பளபளப்பான கோடு முனையை நோக்கி நகந்து போறதைப் பாத்தேன், ஏதோ வெளிச்சக் கோளாறுன்னு விட்டுட்டேன். அன்னிக்கு வந்த விசை எல்லாம் 3,000, 4,000 நானோநியூட்டன். ஒரு வாரம் அதை "வலுவான ஒட்டல்"னு நம்பி ஸ்லைடுகூட போட்டுட்டேன், அப்புறம் செம்ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாத்தா தொடற இடம் வரைக்கும் பசை வழுவழுன்னு ஒரு உறை மாதிரி. மெல்லிசு ஃபைபர் திரி மாதிரி, திரவம் எதுவா இருந்தாலும் ஏறிடும்.

கெட்டியான எப்பாக்ஸி எடுத்து, கலந்தப்புறம் கொஞ்சம் இறுகற வரைக்கும் காத்திருந்து, தொடற இடத்துலேர்ந்து எவ்ளோ தள்ளி வெக்க முடியுமோ அவ்ளோ தள்ளி வெங்க. யூவி பசைதான்னா ஃபைபர் தொட்ட அதே நொடில விளக்கு எரியணும்.

பேஸ்லைன் அலை அலையா இருக்கு, இல்லனா மெதுவா சாயுது

அலை ஒரே சீரா, 330, 340 நானோமீட்டர் இடைவெளில வந்தா, வளைவை அளக்கற சிவப்பு லேசர் கான்டிலீவர்லயும் கீழ பரப்புலயும் பட்டு ஒண்ணோட ஒண்ணு சேருது, அலைநீளத்துல பாதி. லேசரை கான்டிலீவர் நடுவுக்கு நகத்துங்க. சாஞ்சா டிரிஃப்ட், தங்கம் பூசின கான்டிலீவர் சூட்டுல வளையும், லேசர் ஆன் பண்ணி ஒரு மணி நேரம் விட்டுடுங்க. புல்-ஆஃப் முனை, அதாவது பிரியற இடத்து உச்சம், கத்தியால வெட்டின மாதிரி தட்டையா இருந்தா டிடெக்டர் நிறைஞ்சுடுச்சு, இன்னும் ஸ்டிஃப்பான கான்டிலீவர் போடுங்க.

கர்வ் அழகு, திரும்பத் திரும்ப அதே நம்பர், ஆனா கணக்கை விட ஒன்றரை ரெண்டு மடங்கு

இதுதான் ஏமாத்தற கேஸ், ஏன்னா எல்லாம் சீரா இருக்கறதால சந்தேகமே வராது. கேலிப்ரேஷன், கோணம், விட்டம், இந்த வரிசைல போங்க.

கான்டிலீவர் பாக்கெட்ல போட்டிருக்கற ஸ்பிரிங் கான்ஸ்டன்ட்டை நம்பாதீங்க, கான்டிலீவர் தடிமன் 10 சதவீதம் கூடினா ஸ்டிஃப்னஸ் 33 சதவீதம் கூடும். தெர்மல் முறைலயோ சேடர் முறைலயோ ஃபைபர் ஒட்டறதுக்கு முன்னாடியே அளந்துக்கங்க. அளந்தாச்சு, ஆனா ஃபைபர் முனைல ஒட்டாம நீளத்துல 10 சதவீதம் உள்ள தள்ளி ஒட்டிட்டீங்கன்னா அந்த இடத்துல ஸ்டிஃப்னஸ் 37 சதவீதம் கூட, இதைத் திருத்தறதை மறந்துட்டு உக்காந்திருக்கறவங்க எத்தனை பேர்னு எண்ணி முடியாது. டிஃப்ளெக்‌ஷன் சென்சிட்டிவிட்டியை (கான்டிலீவர் எவ்ளோ வளைஞ்சா டிடெக்டர் எவ்ளோ காட்டுதுங்கற கணக்கு) கண்டிப்பா கெட்டியான சிலிக்கான் இல்லனா சஃபையர் மேலதான் எடுக்கணும், தொங்கற ஃபைபர் மேல எடுத்தா ஃபைபர் வளையறது அத்தனையும் அந்தக் கணக்குக்குள்ள போயிடும், அப்புறம் விசை எல்லாமே ஊதிப் பெருகி வரும்.

கோணம்: 90 டிகிரின்னு நினைச்சு வெச்சது 60 டிகிரியா இருந்தா, கணக்குல வந்த விசையை அந்தக் கோணத்தோட சைனால வகுக்கணும், 15 சதவீதம் கூடும். 30 டிகிரின்னா டபுள். மேலேர்ந்து ஒரு ஃபோட்டோ எடுத்து கோணத்தை அளந்து வெச்சுக்கங்க, ரொம்ப சாஞ்சு போன காண்டாக்ட்டை திருத்தறதை விட தூக்கிப் போடறது மேல்.

விட்டத்தை செம்ல பாக்கறது சரிதான், ஆனா அளந்து முடிச்சப்புறம் பாருங்க, முன்னாடி இல்ல. எலக்ட்ரான் பட்ட இடத்துல கார்பன் படியும், சார்ஜ் ஏறும், பிசிஎல் 60 டிகிரில உருகற ஆளு, பீம்லயே சுருங்கிடும். மேல தங்கம் பூசினா பூச்சோட தடிமனைக் கழிங்க, 300 நானோமீட்டர் ஃபைபர்ல ரெண்டு பக்கமும் 10 பத்துன்னா விட்டத்துல 7 சதவீதம் ஏறிடுது.

அப்புறம் எந்தக் கணக்கோட ஒப்பிடறீங்கங்கறதும் இருக்கு. ஜேகேஆரா டிஎம்டியாங்கறதை டேபர் எண் சொல்லும், நம்ம 1 மைக்ரான் பிசிஎல்லுக்கு அது 15 பக்கம், தாராளமா ஜேகேஆர். அதே தடிமன்ல பாலிஸ்டைரீன்னா மாடுலஸ் பத்து மடங்கு, எண் 3.5 பக்கம் வந்து நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல. அங்க போய் ஒன்றரையா ரெண்டான்னு சண்டை போடறதுல அர்த்தமில்ல, ரெண்டையும் எல்லையா வெச்சு எழுதிடுங்க.

கணக்கை விட ரொம்பக் கம்மியா வருது

பரப்பு சொரசொரப்பு. சீக்கிரம் ஆவியாகற கரைப்பான், ஈரக் காத்து, ரெண்டும் சேந்தா ஃபைபர் மேல குழி குழியா விழும், தொடறது உருளை இல்ல, சில மேடுங்க மட்டும்தான், சில நானோமீட்டர் மேடே விசையைப் பல மடங்கு இறக்கிடும். உலர்ந்த காத்துல ஸ்பின் பண்ணிப் பாருங்க, ஏறினா அதான் காரணம்.

ஒரே ஃபைபர்ல சீரா இருக்கு, அடுத்த ஃபைபர்ல வேற மாதிரி

இது பிழையே இல்லாம இருக்கலாம். ஒவ்வொரு கர்வையும் அந்த ஃபைபரோட ரேடியஸால வகுத்துப் பாருங்க, சிதறல் சுருங்கினா விட்டம்தான் மாறியிருக்கு. சுருங்கலனா பழைய லிஸ்ட்டை மேலேர்ந்து திரும்ப ஓட்டுங்க, சார்ஜ்லேர்ந்து. ஒரே இடத்துல 200 கர்வ் எடுத்துட்டு எண்ணிக்கை 200-னு மட்டும் போட்டுடாதீங்க, அது ஒரு ஜோடி ஃபைபர், எண்ணிக்கை ஒண்ணு. எத்தனை ஜோடி, ஒவ்வொண்ணுலயும் எத்தனை இடம், தொட்ட நேரம், இழுத்த வேகம், ஹ்யூமிடிட்டி, கோணம், இவ்ளோவும் ஃபைல் பேர்லயே இருக்கற மாதிரி சேவ் பண்ணுங்க, கிட்ட வர்ற கர்வையும் சேத்து. எங்க சாஃப்ட்வேர் டீஃபால்ட்டா திரும்பிப் போற பாதியை மட்டும்தான் சேவ் பண்ணும், அது தெரியாம மூணு மாச டேட்டால சார்ஜ் இருந்துச்சா இல்லையான்னு சொல்ல வழியில்லாம போயி, எல்லாத்தையும் முதல்லேர்ந்து திரும்ப எடுத்தோம்.